தம்பிக்கு நடை பழக்கியது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வரும் என் சிஞ்ஞோரா, அதாவது நான் வேலை செய்யும் வீட்டு முதலாளியம்மா, யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பார். உண்மையில் அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. பலெர்மோவில் பிறந்து பலெர்மோவிலேயே நரைத்த மனுஷி. மனம் நன்றாக இருந்தால் இத்தாலியன், கோபம் வந்தால் சிசிலியன். ஆனால் பதினொரு வருடமாக அவரிடம் ஏச்சு வாங்கி, அன்றன்றைய ஏச்சை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனுஷனுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி, இப்போது நினைத்தாலும் அவர் என் பெரியம்மாவின் மூத்த மகள் மாதிரித்தான் என் காதில் ஏசுகிறார். அதை மாற்ற எனக்கு விருப்பமும் இல்லை; இதில் வரும் மற்ற இத்தாலியர்களும் அப்படித்தான்.

அவருடைய நகரத்து வீட்டைக் கூட்டித் துடைப்பதுதான் என் வேலை. மலைப்பக்கம் ஒரு மணித்தியால ஓட்டத்தில் அவருக்கு ஒரு மாட்டுப் பண்ணை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கிருந்து வரும் சப்பாத்துகளின் அடியைச் சுரண்டுகிறவள் நான்தானே. ஆனால் அங்கே போனதில்லை. பிறகு சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பை மாற்றினார்கள். சில மாதம் கழித்துக் கார் ஓட்டலாம், ஆனால் மாட்டுக்குக் கிட்டப் போகவே கூடாது என்று வைத்தியர் சொன்னார். சிஞ்ஞோரா அந்தப் பேச்சில் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமையே என்னையும் காரில் ஏற்றினார்.

“நீ வந்து சும்மா கதிரையிலை இரு. நான் விழுந்தா ரெலிபோன் அடி. அவ்வளவுதான் வேலை.”

பண்ணையில் இருந்தது பால்மாடு இல்லை என்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. எல்லாம் இறைச்சி மாடு. பிரெஞ்சு இனம், செம்மண் நிறம், முதுகு பலகை மாதிரி. நானோ சைவ சமயத்துக்காரி. வெள்ளிக்கிழமை முட்டை கூடத் தொடமாட்டேன். மாட்டிறைச்சி எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து என் மனுஷனிடம் சண்டைபோடுகிற குரலில் சொன்னேன், இனி அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று.

அவர் மொண்டெல்லோவில் ஒரு கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் மீன் பொரிக்கிறவர். பகல் முழுக்க எண்ணெய்க்கு முன்னால் நின்றுவிட்டு வருகிற ஆளுக்கு என் தர்மசங்கடம் பெரிதாகப் படவில்லை.

“இஞ்சேரப்பா, நீர் போய்க் கதிரையிலை இருந்துபோட்டு வாரும். மாட்டோடை கதைக்கச் சொல்லியே சம்பளம் தருகினம்?”

கதைத்துவிட்டேன். அதுதான் வில்லங்கம்.

கபோச் சந்தைக்குப் பின்னால் நாங்கள் இருக்கும் கட்டடத்தில், கீழ்வீட்டில் ஒரு மன்னார்க்காரி இருக்கிறாள். வேதக்காரப் பிள்ளை, எனக்குத் தங்கச்சி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வரும்போது சந்தையில் மாட்டிறைச்சி வாங்கி, மிளகு போட்டுப் பிரட்டி, மூன்று மாடிக்கும் மணக்க வைப்பாள். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அக்கா, நீங்கள் வளர்க்கிறியள், நான் சாப்பிடுறன். ரண்டு பேரும் சேர்ந்தெல்லோ அந்த மனுசியைத் தாங்கிறம்!”

சிஞ்ஞோராவின் பண்ணைச் சட்டங்களைப் படிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. பசுக்களுக்குப் பெயர் உண்டு. அவை வருடத்துக்கு ஒரு கன்று போட்டுக்கொண்டு நிற்கும். கன்று ஏழு மாதம் தாயோடு மலையில் மேயும். பிறகு பிரிப்பார்கள். நல்ல நாகுகள், அதாவது பெண் கன்றுகள், பட்டியில் சேரும். ஆண் கன்றுகள், நாங்கள் நாம்பன் என்போமே, அவை கொழுக்க வைக்கிற கொட்டிலுக்குப் போகும். அங்கிருந்து லொறி, அறுக்கிற இடத்துக்கு. நாம்பன்களுக்குப் பெயர் இல்லை, காதில் ஒரு மஞ்சள் இலக்கம் மட்டும்.

“பேர் வைச்சா பிறகு லொறியிலை ஏத்தேலாது,” என்றார் சிஞ்ஞோரா. “நான் முப்பது வருசமா ஏத்திறன். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.”

வருடத்துக்கு ஒரே ஒரு நாம்பனுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. வசந்தத்தில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் மாட்டுக் கண்காட்சி நடக்கும். அங்கே நடுவர் பார்த்து, இவன் இனவிருத்திக்கு ஏற்றவன் என்று எழுதிக் கொடுத்தால், அவன் பட்டியின் காளையாக நிற்பான். எழுதிக் கொடுக்காவிட்டால் அவனும் லொறி.

அந்த வருடம் புரட்டாதி மாதம் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்தார்கள். மூன்று நாள் ஒரே கதறல். நான் காதைப் பொத்திக்கொண்டு பண்ணை வீட்டுச் சமையலறையில் இருந்தேன். மூன்றாம் நாள் உடுப்புக் காயப்போட வேலிப்பக்கம் போனபோது ஒருவன் மட்டும் அழாமல் வந்து, கம்பிக்கு இடையால் நாக்கை நீட்டி என் ஏப்ரனை இழுத்துச் சப்பினான்.

“விடு தம்பி, அது துவைச்சது,” என்றேன்.

வாயில் வந்துவிட்டது. நான் என்ன செய்ய? சந்தையில் மீன் வெட்டுகிறவனும் எனக்குத் தம்பி, பஸ் ஓட்டுகிறவனும் தம்பி. சிஞ்ஞோரா தூரத்தில் நின்று கேட்டுவிட்டார். பெயர் வைக்கக்கூடாது என்று சொன்னேனா இல்லையா என்று பாய்ந்தார்.

“இது பேர் இல்லை சிஞ்ஞோரா. எங்கடை ஆக்கள் தெரியாத ஆம்பிளையளையும் இப்பிடித்தான் கூப்பிடுறவை.”

“தெரியாத ஆம்பிளை உன்ரை ஏப்ரனைச் சப்புவானோ?”

நான் ஏப்ரனைப் பிடுங்கிக்கொண்டு உடுப்புக் காயப்போடப் போனேன்.

அந்த வருடத்து நாம்பன்களில் முதுகும் தொடையும் திறமாக இருந்தது தம்பிக்குத்தான். கண்காட்சிக்கு அவன்தான் என்று சிஞ்ஞோரா முடிவெடுத்தார். ஆனால் நடுவர் முன்னால் கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்ட வேண்டுமே. சிஞ்ஞோராவுக்கு இடுப்பு இல்லை. பண்ணையில் தீவனம் போடும் மனிதர் நல்லவர்தான், ஆனால் அவருடைய குரல் கோயில் ஒலிபெருக்கி. கையில் எப்போதும் ஒரு தடி. அவரைக் கண்டாலே நாம்பன்கள் மூலைக்கு ஓடும். என்னைக் கண்டால் தம்பி வேலிக்கு வருவான். சிஞ்ஞோரா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீதான் பழக்கப் போறாய்.”

“நான் வீடு கூட்ட வந்தவள் சிஞ்ஞோரா!”

“வீடு ஓடாது. இவன் ஓடுவான். போய்க் கயிறை எடு.”

முதல் கிழமை நான் அவனுக்கு நடை பழக்கவில்லை, அவன்தான் எனக்கு ஓட்டம் பழக்கினான். தலைக்கயிற்றைப் பிடித்தபடி சேற்றில் இரண்டு முறை விழுந்தேன். ஒருமுறை தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே இருத்திவிட்டான். வீட்டுக்குப் போனால் என் மனுஷன் வாசலிலேயே மூக்கைப் பொத்துவார்.

“மச்சான் இண்டைக்கு எப்பிடி இருக்கிறார்?”

மச்சான் என்றால் என் தம்பி அவருக்கு மச்சான் தானே. அந்த உறவை அவர் விடவேயில்லை. கனடாவில் இருக்கும் என் சொந்தத் தம்பி தொலைபேசி எடுத்தால், “எந்தத் தம்பி, கனடாவே, மலையே?” என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

மார்கழிக்குள் தம்பி வழிக்கு வந்துவிட்டான். கயிறு தளர்வாக இருந்தாலும் என் தோளுக்குப் பக்கத்தில் நடந்து வருவான். நின்றால் நிற்பான். சனிக்கிழமைகளில் குளிப்பாட்டுவேன், சவர்க்காரம் போட்டு, பிரஷால் தேய்த்து, காற்று அடிக்கிற மெஷினால் மயிரை உலர்த்தி, வால் நுனியைச் சீவி விடுவேன். என் மனுஷன் ஒருநாள் பண்ணைக்கு வந்து இதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

“இருபத்தேழு வருசம். ஒருக்காலெண்டாலும் என்ரை முதுகைத் தேய்ச்சு விட்டிருப்பீரே?”

“நீங்கள் ஒரு இடத்திலை நிண்டாலெல்லோ,” என்றேன்.

ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. வந்த புதிதில் சியாகுல்லியில் தோட்ட வேலை செய்தவர், அங்கே இன்னும் ஆட்களைத் தெரியும். பழக்காலத்தில் விழுந்த மந்தரின் தோடம்பழங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து மச்சானுக்கு என்று தந்தார். தோலோடு தின்றான் படுபாவி. கண்ணை மூடிக்கொண்டு தின்றான். சிஞ்ஞோரா கண்டுவிட்டு, நடுவர் தசையைத்தான் பார்ப்பார், தொந்தியை இல்லை, இனவிருத்திக் காளையைக் கலியாண மாப்பிள்ளை மாதிரி ஊதவைக்கிறாயா என்று கத்தினார். ஒரு நாளைக்கு மூன்று பழம் என்று தீர்ப்பு. நான் நான்கு கொடுத்தேன்.

மிருக வைத்தியர் வந்த நாளை மட்டும் நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. இனவிருத்திக்குப் போகும் காளை என்றால் அந்த இடத்தை நாடா வைத்து அளக்க வேண்டுமாம். வைத்தியர் குனிந்து அளந்து இலக்கத்தைச் சத்தமாகச் சொல்ல, நான் மலையைப் பார்த்தபடி கொப்பியில் எழுதினேன். நல்ல அளவு என்று வைத்தியர் என்னைப் பாராட்டினார். எனக்குக் காது சுட்டது. வீட்டில் மனுஷன் என்ன எழுதினீர் என்று நோண்டி நோண்டிக் கேட்டார். பரீட்சைப் புள்ளி என்றேன்.

தை பிறந்தது. பட்டிப்பொங்கலன்று தம்பிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல் ஊட்டினேன். சிஞ்ஞோரா சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவர்களுடைய மிருகங்களின் புனிதருக்குத் திருநாளாம். பாதிரியாரைக் கூட்டிவந்து பட்டி முழுவதற்கும் தீர்த்தம் தெளிப்பித்தார். அந்தப் பாதிரியார் தம்பியின் நெற்றியில் ஒட்டியிருந்த குங்குமத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவனுக்கு மட்டும் இரண்டு தரம் தெளித்தார்.

எனக்கும் சிஞ்ஞோராவுக்கும் உண்மையான சண்டை என்றால் அது சப்பாத்தால் வந்தது. கண்காட்சியில் மாடு நாலு காலையும் சரிசமமாக வைத்து நிற்க வேண்டும். பின்னங்காலை நீளத் தடியால் தொட்டுச் சரிசெய்யலாம். முன்னங்கால் முன்னால் நின்றால், சப்பாத்து நுனியால் அதன் குளம்பை அழுத்தித் தள்ளினால் பின்னுக்கு எடுக்கும். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். மாட்டைக் காலால் தொடுவதா? குனிந்து கையால் குளம்பைத் தள்ளினேன்.

“நடுவருக்கு முன்னாலை இப்பிடிக் குனிஞ்சு குனிஞ்சு நிண்டா, அவர் உன்னைத்தான் பாப்பார். காலாலை தள்ளு!”

“மாடு எங்களுக்குத் தெய்வம் சிஞ்ஞோரா.”

“அது அவனுக்குத் தெரியுமோ?”

“எனக்குத் தெரியும்.”

கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது எனக்கு யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. புத்தகத்தில் பட்டாலும், ஆளில் பட்டாலும், அரிசிப் பையில் பட்டாலும் கை தானாகப் போகும். ஒருமுறை பஸ்ஸில் ஒரு கிழவியின் கைப்பையில் என் கால் பட்டுவிட்டது. நான் குனிந்து அந்தப் பையைத் தொட, கிழவி ‘கள்ளி’ என்று கூச்சல்போட்டு, இரண்டு தரிப்பிடத்துக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்ல, அப்படியென்றால் எதையோ எடுத்துத்தான் இருக்கிறாய் என்றாள். பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

சிஞ்ஞோராவிடம் இன்னொரு பல்லவியும் இருந்தது. “மெள்ள. மெள்ள நடத்து. எட்டி நடக்க விடாதை.” தம்பி கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், தூரத்தில் இருந்து கைத்தடியை ஆட்டுவார். என் காலும் கட்டை, மூச்சும் கட்டை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படி இரக்கப்படுகிற மனுஷி இல்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கண்காட்சி வைகாசியில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். வெள்ளைக் காற்சட்டையும் வெள்ளைச் சேட்டும் போட வேண்டுமாம். என் மனுஷனின் சமையல் உடுப்பை மடித்துக் கட்டிக்கொண்டு போனேன். முதுகில் இலக்கம் குத்தினார்கள். சிஞ்ஞோரா வேலிக்கு வெளியே கதிரையில் இருந்தார், முகம் வெளிறிப்போய். நான் அவரை ஆஸ்பத்திரியில் கூட அப்படிப் பார்த்ததில்லை. தம்பி மட்டும்தான் அங்கே நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

வளையத்துக்குள் எட்டு நாம்பன்கள். ஏழு பேரைப் பிடித்திருந்தது தடித்த ஆம்பிளைகள். எட்டாவது நான், கொண்டை போட்டு. நடுவர் வடக்கு இத்தாலிக்காரர், மெலிந்த ஆள், அதிகம் கதைக்கவில்லை. நாங்கள் மெள்ள ஒரு சுற்றுச் சுற்றினோம். அவர் தம்பியின் முதுகைக் கையால் தடவினார், தொடையை அழுத்தினார், பின்னால் போய்ப் பார்த்தார், தலையை ஆட்டினார். நல்ல தலையாட்டல் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு எங்களை வரிசையில் முதலாவது இடத்துக்குக் கூப்பிட்டார். என் கடவுளே, முதலாவது!

அங்கே போய் நிறுத்தியபோது தம்பியின் ஒரு முன்னங்கால் ஒரு சாண் முன்னால் நின்றது. நடுவர் ஐந்தடி தூரத்தில் நின்று பார்க்கிறார். என் வலது கையில் கயிறு, இடது கையில் தடி. வேலிக்கு அந்தப்பக்கம் இருந்து சிஞ்ஞோரா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது கேட்டது.

“காலாலை! காலாலை தள்ளு!”

பதற்றத்தில் தள்ளிவிட்டேன். எட்டு மாதத்தில் முதல் முறையாக என் சப்பாத்து அவன் குளம்பில் பட்டது. அவன் ஒழுங்காகக் காலைப் பின்னுக்கு எடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கை போய்விட்டது. குனிந்து, குளம்பைத் தொட்டு, கண்ணில் ஒற்றினேன். இடது கையால் தொட்டுக் கும்பிடுகிற வழக்கம் எங்கள் பரம்பரையில் இல்லை. வலது கையால்தான் செய்தேன். வலது கையில்தான் கயிறு இருந்தது.

நிமிர்ந்து பார்க்கும்போது தம்பி பக்கத்தில் இல்லை.

ஓடவில்லை, பாவம். யாரையும் முட்டவும் இல்லை. வளையத்தின் அந்தக் கரையில் யாரோ பசும்புல் கட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். அதை நோக்கி, கயிறு மண்ணில் இழுபட, தன் பாட்டுக்கு எட்டி எட்டி நடந்தான். சனம் கூவியது. இரண்டு பேர் மறிக்கப் போனார்கள். நடுவர் கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார். அவர் சிரிக்கவில்லை. குந்தி இருந்து தம்பியின் பின்னங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் பார்த்தேன். எட்டு மாதமாக அவனுடைய தலைப்பக்கம் நடந்தவள் நான். அவன் போகிறதைப் பின்னால் நின்று ஒருநாளும் பார்த்ததில்லை. இடது பின்னங்கால் ஒவ்வொரு எட்டிலும் வெளியே சுழன்று விழுந்தது. மெள்ள நடந்தால் தெரியாது. எட்டி நடந்தால் குருடருக்கும் தெரியும்.

நடுவர் அவனைத் திரும்பப் பிடித்து வேகமாக நடத்தச் சொன்னார். நடத்தினேன். இன்னொரு முறை என்றார். பிறகு கிட்ட வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

“குனிஞ்சு என்ன செய்தனீங்கள்?”

“மன்னிப்புக் கேட்டனான். கால் பட்டதுக்கு.”

அவர் தம்பியின் பின்னங்காலைக் காட்டினார். “நல்லாப் பழக்கியிருக்கிறியள். முதுகு திறம், தசை திறம், குணம் தங்கம். ஆனா இந்தக் கால் பிள்ளையளுக்கும் போகும். மலையிலை மேயிற பட்டிக்கு இந்தக் காலைக் குடுக்கேலாது. எழுதித் தர மாட்டன்.”

அவர் கையால் தம்பியின் கழுத்தை இரண்டு தரம் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

அன்று பின்னேரம் சிஞ்ஞோராவின் காரில் திரும்பினோம். சேட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னால்தான், என் விசர்க் கையால்தான் என்று எனக்குள் நானே ஏசிக்கொண்டு வந்தேன். கடைசியில் வாயைத் திறந்து, மன்னிச்சுக்கொள்ளுங்கோ சிஞ்ஞோரா, என் பிழை என்றேன்.

“அவன்ரை காலை நீயோ வளைச்சனி?” என்றார். “அது பிறக்கேக்கையே அப்பிடி. எனக்கு அஞ்சாம் மாசமே தெரியும்.”

எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. தெரிந்துகொண்டா எட்டு மாதம் என்னைச் சேற்றில் உருட்டினீர்கள், தெரிந்துகொண்டா மெள்ள மெள்ள என்றீர்கள், அந்தக் காலோடு நாற்பது கன்று பிறந்திருந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். இத்தாலியனில் எனக்கு இவ்வளவு வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

சிஞ்ஞோரா காரை ஓரமாக நிறுத்தினார். கையை ஸ்டியரிங்கில் இருந்து எடுக்கவில்லை.

“எனக்கும் அவன் நிக்கவேணும் போலை இருந்தது,” என்றார். “முப்பது வருசத்திலை ஒருத்தரையும் நான் ஏமாத்தினதில்லை. இண்டைக்கு ஏமாத்தப் பாத்தன். உன்ரை தெய்வம் விடேல்லை.”

அதற்கு மேல் அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை. லொறி திங்கட்கிழமை காலை என்று சொன்னார். சொல்லிவிட்டு மூக்கைச் சீறினார்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டு மன்னார்க்காரி படியேறி வந்து, என் குசினியில் இருந்து வெங்காயம் உரித்துத் தந்தாள். போகும்போதுதான், “அக்கா, இந்தக் கிழமை நான் மீன்தான் வாங்கினனான்,” என்றாள். என் மனுஷன் மச்சான் என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்.

“நாளைக்கு நீர் போகாதையும். காய்ச்சல் எண்டு சொல்லும். நான் ரெலிபோன் எடுத்துச் சொல்லுறன்.”

எனக்கும் அதுதான் ஆசை. காய்ச்சல்காரியாகவே படுத்தேன். ஆனால் படுத்தபடி யோசித்தேன்: நான் போகாவிட்டால் அவனை ஏற்றப்போவது யார்? அந்த ஒலிபெருக்கி மனிதர். கையில் தடி. தம்பி மூலைக்கு ஓடுவான், அவர் அடிப்பார், அவன் வழுக்கி விழுவான். பிறந்ததில் இருந்து அடி தெரியாத பிள்ளை. விடிந்ததும் எழும்பி உடுப்பை மாற்றினேன். மனுஷன் மறிக்கவில்லை.

லொறி எனக்கு முன்னமே வந்து நின்றது. சாரதி ஒரு கிழவர், வாயில் அணைந்த சிகரெட். சாய்பலகையை இறக்கிவிட்டு, தடியையும் எடுத்து வைத்திருந்தார். அது தேவையில்லை என்றேன். கொட்டிலுக்குப் போய்த் தலைக்கயிற்றை மாட்டினேன். தம்பி நெற்றியை என் தோளில் தேய்த்தான். அவன் கண்காட்சிக்குப் போகிறோம் என்று நினைத்தானோ, குளிக்கப் போகிறோம் என்று நினைத்தானோ, எனக்குத் தெரியாது. சிஞ்ஞோரா மதிலோடு நின்றார். கிட்ட வரவில்லை.

“வா தம்பி,” என்றேன்.

வந்தான். முற்றத்தைத் தாண்டி வந்தான். மற்ற நாம்பன்கள் பலகையின் சத்தத்துக்கே மிரளும். இவன் ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பக்கத்தில், கயிறு தொங்கத் தொங்க, ஒரு இழுப்பு இல்லாமல் மேலே ஏறினான். உள்ளே கட்டினேன். அவன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன். பிறகு பக்கக் கதவால் இறங்கினேன். பலகையைத் தூக்கிப் பூட்டினார்கள்.

சாரதி சிகரெட்டைத் துப்பிவிட்டு, தலையை ஆட்டி ஆட்டி வந்தார்.

“நானும் எத்தினை வருசமா ஏத்திறன். ஒரு அடி இல்லாமல், ஒரு சத்தம் இல்லாமல் இப்பிடி ஏறின ஒண்டை நான் கண்டதில்லை. ஆர் பழக்கினது?”

சிஞ்ஞோரா திரும்பி என்னைப் பார்த்தார்.

“நான்தான்,” என்றேன்.

சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. எனக்கே கேட்டது.